நின்ற நீரில் பைக்: பல வருடம் கழித்துத் தூண்டில் எடுப்பவர்களுக்கு

தூண்டில் பக்கம் | வாசகர் கேள்வி பதில்

பைக் என்றால் இங்கே இரு சக்கர வாகனம் இல்லை. வாத்தின் அலகு போல் தட்டையான வாய், உள்ளே பின்னோக்கிச் சாய்ந்த பற்கள், பாசிப் பச்சை உடம்பில் வெளிர் மஞ்சள் புள்ளிகள். தோற்றத்தில் நம் சீலா மீனையும், குணத்தில் விராலையும் நினைவூட்டும் ஐரோப்பிய நன்னீர் மீன் இது. அசையாமல் ஒளிந்திருந்து ஒரே பாய்ச்சலில் பிடிக்கும். பிரிட்டனில் பைக் பருவம் தொடங்கும் அக்டோபர் நெருங்குவதால் இந்த மாதக் கேள்விகளில் பாதிக்கு மேல் இதைப் பற்றித்தான். ஆறுகளை விட்டுவிட்டு, ஏரி, குளம், பழைய சரளைக் குழிகளுக்கு (சரளைக்கல் தோண்டி நீர் தேங்கிய பள்ளங்கள்) உரியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

*1998-க்குப் பிறகு மீன் பிடிக்கப் போகவே இல்லை. கராஜில் 12 அடி ராடு இரண்டு, ரீல் இரண்டு, பெட்டி நிறையச் சாமான் இருக்கின்றன. எதை வைத்துக்கொள்ளலாம்?* - ஹாரோ வாசகர்

ராடு 2.75 அல்லது 3 பவுண்டு டெஸ்ட் கர்வ் (ராடின் வலுவைக் குறிக்கும் அளவு) என்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பஞ்சுக் குச்சி ஒன்றை எடுத்து ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுற்றித் துடைத்துப் பாருங்கள். பஞ்சிழை எங்காவது மாட்டினால் அங்கே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது. அந்த வளையம் லைனை ஒவ்வொரு வீச்சிலும் அறுத்துக்கொண்டே இருக்கும். நல்ல மீன் மாட்டும் நாளில்தான் அது உங்களுக்குத் தெரியவரும். ஒரு வளையத்தை மட்டும் மாற்றிக் கட்டினால் போதும்.

ரீலில் பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். கழற்றித் துடைத்துப் புதிதாக இடுங்கள். டிராக் (மீன் இழுத்தால் லைனை விட்டுக்கொடுக்கும் பிடி) வட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பார்க்க லைனைக் கையால் இழுங்கள். வழுக்கிக்கொண்டு சீராக வர வேண்டும். திக்கித் திக்கி வந்தால் வட்டை மாற்றுங்கள். ரீலில் இருக்கும் தங்கூஸ் நரம்பு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் குப்பைக்குத்தான். புதிதாக 15 பவுண்டுக்குக் குறையாத தங்கூஸ் போடுங்கள், அல்லது 50 பவுண்டு பின்னல் லைன். பின்னல் என்றால் முதலில் ஸ்பூலில் பத்துப் பதினைந்து சுற்று சாதாரண நரம்பு சுற்றி, அதன்மேல் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் மொத்த லைனும் ஸ்பூலைச் சுற்றி வழுக்கும், டிராக் கெட்டுவிட்டது என்று ரீலைத் திட்டுவீர்கள். சரளைக் குழிகளில் அடியில் சிப்பி ஒட்டிய கற்கள் அதிகம் என்றால் பின்னலைவிடத் தடித்த தங்கூஸ்தான் தாங்கும்.

பெட்டியில் உள்ள துருப்பிடித்த முட்கள், மடங்கிய கம்பிகள், முடிச்சுக் கண்ணி கொண்ட பழைய வலை மூன்றும் வேண்டாம். அந்தக் காலத்து வாய் விரிக்கும் ஸ்பிரிங் கம்பியும், மீனைக் குத்தித் தூக்கும் கொக்கிக் கோலும் இருந்தால் சுவரில் மாட்டி அழகு பாருங்கள்; கரைக்குக் கொண்டு வராதீர்கள். சின்ன ஈயக் குண்டுகளையும் ஒதுக்கிவிடுங்கள். 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையிலான ஈயத்துக்குப் பிரிட்டனில் 1987-லிருந்தே தடை. அன்னப் பறவைகள் விழுங்கிச் செத்ததுதான் காரணம். 2 அவுன்ஸ் தரைக் குண்டு அந்த வரம்புக்கு மேலே இருப்பதால் தடையில் வராது.

புதிதாக வாங்க வேண்டியவை: 42 அங்குல வாய் கொண்ட, ரப்பர் பூசிய வலை, மீனைப் படுக்க வைக்கத் தடித்த பஞ்சு மெத்தை, 12 அங்குல நீள மூக்குக் குறடு, கடின எஃகை வெட்டும் பக்கவெட்டு இடுக்கி. இந்த நான்கும் வாங்கப் பணம் போதாதென்றால் ராடு வாங்குவதைத் தள்ளிப் போடுங்கள், இவற்றை அல்ல.

*கடையில் விற்கும் கம்பி டிரேஸ் நம்பலாமா? வீட்டில் கட்டுவது எப்படி?* - மில்டன் கீன்ஸ் வாசகி

நம்பலாம். டிரேஸ் என்பது லைனுக்கும் முள்ளுக்கும் நடுவே பைக்கின் பல்லுக்குத் தாங்கும் கம்பித் துண்டு. ஆனால் பல ரெடிமேட் டிரேஸ்கள் குட்டையாக இருக்கின்றன. இரையை மீன் உள்ளே இழுத்துவிட்டால் லைன் பல்லில் படும். 50 செ.மீ.க்குக் குறையக் கூடாது. வீட்டில் கட்டினால் அளவு உங்கள் கையில்.

தேவை: 28 பவுண்டு, 7 இழை எஃகுக் கம்பி, ஒரு முனையில் மட்டும் கூர்த்தாடை (பின்னோக்கிய சிறு கூர்) உள்ள மும்முள் (மூன்று முனை முள்) 6 அல்லது 8-ம் எண்ணில் இரண்டு, ஒரு நல்ல சுழலி. கம்பியை 70 செ.மீ. வெட்டுங்கள். கீழ் மும்முள்ளின் காதில் நுழைத்து 3 செ.மீ. மடித்துக்கொள்ளுங்கள். வால் நுனியைச் சிறிய குறடால் கவ்வி, முதன்மைக் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி குறடை அதன்மேல் சுற்றிக்கொண்டே வாருங்கள். 12-லிருந்து 15 சுற்று. அது கயிற்றுப் புரி போல் சீராக ஏற வேண்டும். நெருக்கித் திணித்தால் கம்பி அங்கேயே முறியும். மிஞ்சிய முனையை ஒட்ட வெட்டி, ஒரு துளி சூப்பர் குளூ. குத்தும் முனை ஒன்றுகூட வெளியே இருக்கக் கூடாது, அது மீனின் வாயைவிட முதலில் உங்கள் விரலைக் கிழிக்கும்.

மேல் மும்முள்ளைக் கம்பியில் கோத்து, கீழ் முள்ளிலிருந்து 7 செ.மீ. தூரத்தில் வைத்து, கம்பியை அதன் தண்டைச் சுற்றி ஐந்து முறை இறுக்கமாகச் சுற்றி, திரும்பவும் காது வழியே வெளியே இழுத்துவிடுங்கள். இரையின் நீளத்துக்கேற்ப அதைக் கொஞ்சம் நகர்த்தலாம். மறுமுனையில் சுழலியை முன்போலவே கட்டுங்கள். முடித்ததும் கதவுக் கைப்பிடியில் மாட்டித் தராசால் 15 பவுண்டுக்கு இழுத்துப் பாருங்கள். கட்டு வழுக்கினால் இப்போதே வழுக்கட்டும்.

ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கம்பியை விரல்களுக்கிடையே உருவுங்கள். ஒரு நெளிவு தெரிந்தால், ஓர் இழை அறுந்திருந்தால், தூக்கிப் போடுங்கள். கம்பி இல்லாமல் பைக்குக்கு இரை போடுவது மன்னிக்க முடியாத தவறு. அறுந்தால் முள் மீனின் தொண்டையில் தங்கிவிடும்.

*அப்பா காலத்தில் மிதவை இறங்கினால் பத்து எண்ணு, அதன் பிறகு இழு என்பார்கள். இப்போது உடனே இழு என்கிறார்கள். எது சரி?* - லெஸ்டர் வாசகர்

உடனே. காத்திருக்கச் சொன்னதற்கு அன்று ஒரு காரணம் இருந்தது. பைக் இரையை முதலில் குறுக்காகக் கவ்வும், பிறகு திருப்பித் தலைப்பக்கமாக விழுங்கும். முள் வாயின் ஓரத்தில் இல்லாததால் சீக்கிரம் இழுத்தால் வெறும் இரை வரும் என்று பயந்தார்கள். இரையைச் சரியாகக் கோத்தால் அந்தப் பயம் தேவையில்லை. மேல் மும்முள்ளின் ஒரு முனையை வாலின் அடித்தண்டில் ஆழமாகவும், கீழ் மும்முள்ளின் ஒரு முனையைத் தலையை நோக்கிய விலாவில் லேசாகவும் குத்துங்கள். வால் லைன் பக்கம், தலை தொங்கும் பக்கம். பைக் எப்படிக் கவ்வினாலும் வெளியே நீட்டிய நான்கு முனைகளில் ஒன்றாவது அதன் வாயில் இருக்கும்.

நின்ற நீரில் இதில் ஒரு பொறி இருக்கிறது. ஆற்றில் மீன் இரையோடு நகர்வதால் தெரியும். குளத்தில் அது நின்ற இடத்திலேயே விழுங்கிவிடலாம், அல்லது உங்களை நோக்கி வரலாம், அப்போது லைன் இறுகாமல் தளரும். ஆகவே டிராப்-ஆஃப் காட்டி அவசியம்: கிளிப்பில் லைனைச் சொருகி, ரீலின் பெயில் வளையத்தைத் திறந்து வைத்தால், லைன் இழுபட்டாலும் தளர்ந்தாலும் காட்டியின் கை கீழே விழும். லைன் நகர்ந்தால் ஒலிக்கும் அலாரம் ஒரே ஒரு 'பீப்' சத்தம் எழுப்பினாலும் எழுந்து போங்கள். பெயிலை மூடி, லைன் இறுகும் வரை சுற்றி, எடை தெரிந்ததும் ராடை உறுதியாகப் பின்னுக்கு இழுங்கள். ஓங்கி அடிக்க வேண்டியதில்லை. ராடுக்கு மூன்று மீட்டருக்கு மேல் விலகி உட்காராதீர்கள். பக்கத்துக்காரருடன் தேநீர் குடிக்கப் போக வேண்டுமா, லைனைச் சுருட்டிவிட்டுப் போங்கள்.

*மீனைத் தூக்கியதும் அந்தப் பல்லைப் பார்த்தாலே கை நடுங்குது. மகனுக்கு முன்னால பயந்தவன் மாதிரி நிக்க ஏலாது. முள்ளை எடுக்கிற வழியைப் படிப்படியாச் சொல்லுங்கோ.* - குரோய்டன் வாசகர்

நடுக்கம் பழக்கத்தில் போய்விடும். இந்தப் பக்கத்தில் நாங்கள் அதிக இடம் தருவது இந்தக் கேள்விக்குத்தான், ஏனெனில் திரும்பி வருகிறவர்கள் மீனைக் கொல்வது இந்த இடத்தில்தான். பைக் முரட்டு மீன் போல் தோன்றினாலும், கையாளுவதில் நொய்மையானது.

மீன் வலைக்குள் வந்ததும் தூக்காதீர்கள். வலையோடு தண்ணீரிலேயே நிற்கட்டும். மெத்தையை நனையுங்கள், குறடும் வெட்டியும் வலக்கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றனவா பாருங்கள். பிறகு வலையின் விளிம்பைச் சுருட்டிப் பிடித்துத் தூக்கி, மெத்தையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். பெரிய மீன் என்றால் இரண்டு முழங்காலுக்கும் நடுவில். மேலே அழுத்த வேண்டாம், துள்ளாதபடி அணைத்தால் போதும்.

இடக்கையின் விரல்களைச் செவுள் மூடியின் பின் விளிம்பில் நுழையுங்கள். மூடியின் உட்புறச் சுவரை ஒட்டியே தாடை முனை நோக்கி நகர்த்துங்கள். சிவந்த செவுள் பூவைத் தொடவே கூடாது. அது இரத்தம் நிறைந்தது, கீறினால் இரத்தம் நிற்காது. தாடைக்கடியில் இரண்டு மூடிகளும் கூடும் இடத்தில் ஒரு மொத்தையான எலும்பு விரலுக்குத் தட்டுப்படும். அங்கே விரலை நிறுத்தி, கட்டைவிரலை வெளிப்புறம் வைத்துப் பிடியுங்கள். தலையை மெல்லத் தூக்கினால் கீழ்த்தாடை தானாகத் திறக்கும். பல் இல்லாத பக்கம் உங்கள் கை இருக்கிறது, கவனித்தீர்களா? கையுறை போட விரும்பினால் இடக்கைக்கு மட்டும், நனைத்து.

வலக்கையில் குறடு. மேல் மும்முள்ளை முதலில் எடுங்கள்: தண்டைக் கவ்வி, உள்நோக்கித் தள்ளித் திருப்பினால் கூர்த்தாடை விடுபடும். கீழ் மும்முள் ஆழத்தில் இருந்தால் வாய் வழியே துழாவாதீர்கள். செவுள் மூடியின் இடைவெளி வழியாக, பூவை ஒதுக்கி, குறடைக் கொடுத்து முள்ளின் வளைவைக் கவ்வித் தலைகீழாகக் கவிழ்த்துவிடுங்கள். கவிழ்ந்ததும் கம்பியை இழுத்தால் வாய் வழியே வந்துவிடும். அரை நிமிடத்தில் வராவிட்டால் பக்கவெட்டியால் முள்ளைத் துண்டாக வெட்டி எடுங்கள். ஒரு மும்முள்ளின் விலை எவ்வளவு, மீனின் விலை எவ்வளவு? முள்ளை உள்ளேயே விட்டால் துருப்பிடித்துக் கரைந்துவிடும் என்ற பேச்சை நம்பி விடாதீர்கள்.

எடை போட வேண்டுமானால் நனைத்த துணித் தொட்டிலில் வைத்துத் தொங்கவிடுங்கள், தொட்டிலின் எடையைத் தராசில் முதலில் கழித்துவிட்டு. செவுளில் மாட்டித் தூக்குவது கூடாது. படம் எடுக்க ஒரு முறை, இடுப்பளவு உயரத்தில், மெத்தைக்கு மேலேயே. பனி உறைந்த புல்லில் வைக்காதீர்கள். திருப்பி விடும்போது ஆழமில்லாத ஓரத்தில் நிமிர்த்திப் பிடித்திருங்கள். முன்னும் பின்னும் ஆட்டாதீர்கள். அது பின்னால் போகும்போது செவுளுக்குத் தண்ணீர் தவறான வழியில் போகிறது. வாலை உதறிப் போகும்வரை கையை எடுக்காதீர்கள்.

மகனுக்கு முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியதும் இதுதான். முதல் இரண்டு தடவை உள்ளூர்க் கிளப்பில் பழக்கமுள்ள ஒருவர் எடுப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். 1977-லிருந்து இயங்கும் பைக் ஆங்லர்ஸ் கிளப் ஆஃப் கிரேட் பிரிட்டன் அமைப்புக்கு வட்டாரக் கிளைகள் உண்டு.

*பத்து ஏக்கர் சரளைக் குழி. எங்கே போடுவது என்று தெரியாமல் ஒரே இடத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து வெறும் கையோடு வருகிறேன்.* - ரெடிங் வாசகர்

கேள்வியிலேயே பதில் இருக்கிறது: "ஒரே இடத்தில்". 40 நிமிடத்துக்கு மேல் ஓர் இரையை ஓரிடத்தில் விடாதீர்கள். இரண்டு ராடு இருந்தால் இடப்பக்க ராடை எடுத்து வலப்பக்க ராடுக்கு 15 மீட்டர் தாண்டி வையுங்கள். அடுத்த முறை மற்றதை. தவளைத் தாவல் போல் கரையைச் சுற்றிவிடலாம்.

முதல் வீச்சு நடுக்குளத்துக்கு வேண்டாம். உங்கள் காலடியிலிருந்து ஒரு ராடு நீளத்துக்குள் பைக் நிற்பது மிகச் சாதாரணம். நாணல் ஓரம், வாடிக்கொண்டிருக்கும் அல்லித் திட்டின் விளிம்பு, மரம் சாய்ந்த நிழல். சத்தமில்லாமல் வாருங்கள். அதன்பின் ஆழத்தை அளவெடுங்கள். சரளைக் குழிகளில் நீருக்கடியில் மேடுகளும் பள்ளங்களும் வரப்பு போல் ஓடும். ஈயக் குண்டும் குறிமிதவையும் வீசி ஒரு முழம் ஒரு முழமாக லைன் விட்டு அளக்கலாம். வீசக்கூடிய எதிரொலிக் கருவிகளும் வந்துவிட்டன. 2 மீட்டரிலிருந்து 4 மீட்டருக்கு இறங்கும் சரிவு கிடைத்தால் சரிவின் அடியில் ஒன்று, மேட்டில் ஒன்று வையுங்கள்.

இரை மீன் எங்கே என்பதைப் பறவைகளிடம் கேளுங்கள். கொண்டை முக்குளிப்பான் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப முங்கினால் அங்கே ரோச் என்ற சின்ன மீன் கூட்டம் இருக்கிறது, பைக்கும் தூரத்தில் இல்லை. விடியலிலும் அந்தியிலும் சின்ன மீன் மேலே தத்துகிறதா பாருங்கள். கடும் குளிரில் மட்டும் நண்பகல் ஒரு மணி நேரம் விடியலைவிட நன்றாக இருப்பதுண்டு.

கோடையில் போகாதீர்கள். தண்ணீர் சூடானால் அதில் கரைந்த ஆக்சிஜன் குறைகிறது, போராடிக் களைத்த மீன் நீந்திப் போனது போல் போய் ஓரத்தில் செத்து மிதக்கும். பல கிளப்புகள் அக்டோபர் 1 வரை பைக்கைத் தொடவே அனுமதிப்பதில்லை. நியாயமான விதி. வசந்தத்தின் தொடக்கத்தில் முட்டையிடக் கூடும்போதும் விட்டுவிடுங்கள். 20 பவுண்டுக்கு மேலுள்ளவை ஏறக்குறைய எல்லாமே பெண் மீன்கள்.

*எந்த இரை?* - ஈஸ்ட் ஹாம் வாசகர்

கடல் மீன், செத்தது. மாக்கரெல் (நம் அயிலை, கும்பளா வகையறா) பாதியாக வெட்டி, வால் பாதி. எண்ணெயும் இரத்தமும் நீரில் பரவும், தோல் கெட்டி, தூரம் போகும். மத்தி வாசனையில் அதைவிட மேல், ஆனால் மெத்தென்று இருப்பதால் உறைந்த நிலையிலேயே வீச வேண்டும், இல்லாவிட்டால் முள் மட்டும் போகும், மத்தி வேறு பக்கம் போகும். வெள்ளரிக்காய் மணம் வீசும் ஸ்மெல்ட் மூன்றாவது. அடியில் இலை, பாசி என்றால் இரையின் வாய்க்குள் பால்சா என்ற லேசான மரத்துண்டு ஒன்றைச் சொருகினால் ஒரு முழம் மேலே மிதக்கும். பாதி மாக்கரெலை வேகமாகச் சுண்டாதீர்கள், ஊஞ்சல் ஆட்டி விடுவது போல் விடுங்கள். வாலின் துடுப்பைக் கத்தரித்தால் திருப்பிச் சுருட்டும்போது லைன் முறுக்கேறாது.

விலாங்குத் துண்டு உங்கள் காலத்துப் பேர்போன இரை. இன்று இங்கிலாந்தில் தூண்டிலில் சிக்கும் விலாங்கை உயிரோடு விட்டுவிட வேண்டும்.

*சட்டத்தில் என்ன மாறியிருக்கிறது?* - லூட்டன் வாசகர்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 13 வயது நிரம்பிய எல்லாருக்கும் ராடு லைசென்ஸ் வேண்டும்; இணையத்தில் வாங்கலாம், வாங்கிய நாளிலிருந்து 12 மாதம். சாதாரண லைசென்ஸ் இரண்டு ராடுக்கு, மூன்றாவதற்குத் தனி வகை. இல்லாமல் பிடித்தால் அபராதம் 2,500 பவுண்டு வரை போகலாம். அதோடு குளத்துக்காரரின் அனுமதிச் சீட்டு வேறு. மார்ச் 15 - ஜூன் 15 தடைக்காலம் ஆறுகளுக்கு இன்றும் உண்டு. பெரும்பாலான ஏரி, குளங்களுக்கு இல்லை, ஆனால் உரிமையாளர் தன் விதியை வைத்திருப்பார். உயிருள்ள மீனை இரையாக்க அந்த நீர்நிலை அனுமதித்தாலும், அங்கேயே பிடித்ததை அங்கேயே பயன்படுத்த வேண்டும். ஸ்காட்லாந்தில் உயிர் இரைக்கே இடமில்லை. வலை, மெத்தை எல்லாவற்றையும் வேறு குளத்துக்குப் போகுமுன் காய வையுங்கள். 2010-ல் கிராஃபம் நீர்த்தேக்கத்தில் கொலைகார இறால் என்ற அந்நிய இனம் கண்டுபிடிக்கப்பட்டது முதல் பல இடங்களில் ஈர வலைக்கு அனுமதி கிடையாது.

*மகனைப் பார்க்க நவம்பரில் இங்கிலாந்து போகிறேன். விராலுக்கு வைத்திருக்கும் தவளை லூரும் 7 அடி ராடும் போதுமா?* - தஞ்சாவூர் வாசகர்

ராடும் 50 பவுண்டு பின்னலும் லூருக்கு (செயற்கை இரை) போதும். மாக்கரெல் வீச முயலாதீர்கள், முறியும். தவளை நவம்பரில் வேலை செய்யாது, அல்லி இலை எல்லாம் அழுகியிருக்கும், மீன் மேலே வராது. 12 செ.மீ. மென்ரப்பர் மீன் ஒன்றை வாங்கி, அடியை ஒட்டி மெதுவாக, விரால் வேகத்தில் பாதியில் சுருட்டுங்கள். லூருக்கு 30 செ.மீ. கம்பி கட்டாயம். ஒரு நாள், எட்டு நாள் லைசென்ஸும் உண்டு.

*பைக் குழம்புக்கு நல்லதா?* - வெம்பிளி வாசகி

சதை வெள்ளை, சுவையும் உண்டு, ஆனால் விலாவுக்கு மேல் கவட்டை முள் வரிசை வரிசையாக இருக்கும். அதைவிட முக்கியம், நின்ற நீரில் மீன் அந்த உரிமையாளருடையது. அனுமதியின்றி எடுத்தால் திருட்டுதான். குழம்புக்கு மீன்கடையில் சீலா வாங்குங்கள்.